கீழறைத் துடிப்புக் கோளாறும் கதீட்டர் அப்லேஷனும்
கதீட்டர் அப்லேஷன் என்பது, இதயக் கீழறைகளில் எழும் தவறான மின்தூண்டலை, அது பிறக்கும் திசுவிலேயே சுட்டு அடக்கும் சிகிச்சை. தொடை இரத்தக்குழாய் வழியே மெல்லிய கதீட்டரை இதயத்துக்குள் செலுத்தி, மின்வரைபடம் எடுத்து, கோளாறான இடத்தை ரேடியோ அலை ஆற்றலால் 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்குவர். அங்கு உண்டாகும் தழும்பு மின்னோட்டத்தை மறிக்கும். 1983இல் அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி ஹார்ட்ஸ்லர் மின்னதிர்ச்சி கொடுத்து இம்முறையைக் கையாண்டார். ரேடியோ அலை பின்னர் வந்தது, அபாயமும் குறைந்தது. பழுதில்லா இதயத்தில் வலக் கீழறை வெளியேற்றுப் பாதையில் தோன்றும் கோளாறு பெரும்பாலும் குணமாகும். மாரடைப்புத் தழும்பைச் சுற்றி எழுவதோ பிடிவாதமானது. திரும்பக்கூடும் என்பதால் ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் ஐ.சி.டி. கருவியையும் உடலுக்குள் பொருத்துவர். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டு வட்டாரத்தினருக்கு இச்சிகிச்சைக்காக எட்டும் தொலைவில் இருப்பது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை. படபடப்போடு மயக்கமும் வந்தால் உடனே அருகிலுள்ள மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.