அலிப்பூர் பொதுக் கட்டடங்களின் அவசரகால மின்வசதி

தென் கொல்கத்தாவின் அலிப்பூரில் தேசிய நூலகம், வானிலை மையம், உயிரியல் பூங்கா, மருத்துவமனைகள் எனப் பொது நிறுவனங்கள் நெருங்கி அமைந்துள்ளன. இங்கு மின்சாரம் வழங்குவது சி.இ.எஸ்.சி. நிறுவனம். 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் தாக்கியபோது நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன.

இத்தகைய மின்தடையைச் சமாளிக்க டீசல் ஜெனரேட்டரே இன்றும் முதன்மை ஏற்பாடு. அது இயங்கிச் சுமையை ஏற்கச் சுமார் 10 முதல் 15 விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியை யு.பி.எஸ். நிரப்புகிறது. அறுவை அரங்குக்கு இது இன்றியமையாதது. 500 கே.வி.ஏ. ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 100 லிட்டர் டீசலை எரிக்கும். மரங்கள் சாலையை மறித்த நாளில் டேங்கர் வராது, கையிருப்பு மட்டுமே உதவும். மின்வலையை மட்டும் நம்பிய கூரைச் சூரியத் தகடுகளும், பழுது நீக்கும் ஊழியரின் பாதுகாப்புக்காக, மின்தடையின்போது தாமாகவே நின்றுவிடும். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் சேர்ந்தால்தான் அவை பயன்படும். பலர் இதை அறியாமலேயே பணம் செலவிடுகிறார்கள்.

எந்த இயந்திரம் என்பதைவிட எங்கே வைப்பது என்பது முக்கியம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஜெனரேட்டர்கள் நீரில் மூழ்கி மருத்துவமனைச் சேவை முடங்கியது. மழைநீர் தேங்கும் கொல்கத்தாவில் ஜெனரேட்டரையும் மின்பலகையையும் நிலவறையில் வைப்பது பெருந்தவறு.