மாதம் ஒரு படம்

எங்கட குழுவில ஒருத்தி படிக்கிறதுக்கு லண்டன் போறா. "நஷனல் கலரிக்குப் போனா எதை எதைப் பார்க்கிறது?" என்று அவ கேட்டதும் எல்லாரும் சேர்ந்து பட்டியல் போட்டோம். வான்கோ, டாவின்சி, டர்னர் என்று முப்பதைத் தாண்டிவிட்டது. பிறகு அந்த இடத்தின் வரலாற்றை வாசிக்கப்போய், பட்டியலைக் கிழித்துப்போட்டோம்.

1824 இல் பிரித்தானிய அரசு ஒரு வங்கியாளரின் 38 ஓவியங்களை வாங்கி, அவர் வாழ்ந்த வீட்டிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ட்ரபல்கார் சதுக்கத்துக் கட்டடம் 1838 இல் வந்தது. மேற்கில் இருக்கும் பணக்காரர் வண்டியிலும், கிழக்கில் இருக்கும் ஏழைகள் நடந்தும் வரக்கூடிய நடுவிடம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று.

எங்களைப் பிடித்து நிறுத்தியது போர்க்காலம்தான். 1939 இல், போர் அறிவிக்கப்படுவதற்கு முன்பே, படங்களைக் கழற்றி வேல்ஸுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். 1941 இல் அவை மனோட் மலையின் கற்சுரங்கத்துக்குள் போயின. பங்கர் என்றால் எங்களுக்கு அம்மம்மா சொல்லிக் கேட்ட, பனங்குத்தி போட்டு மூடின குழிதான். படங்களுக்கும் பங்கர் இருந்திருக்குது! வெறுஞ்சுவரோடு நின்ற கட்டடத்தில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் மதிய நேரக் கச்சேரிகளை ஆரம்பித்தார். கட்டடத்தின் மேலேயே குண்டு விழுந்தும் அவை தொடர்ந்தன.

1942 ஜனவரியில் 'டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. கலரி புதிதாக வாங்கிய ரெம்பிராண்ட் ஓவியத்தை மக்களுக்குக் காட்டக்கூடாதா, காயப்பட்டுக் கிடக்கும் லண்டனுக்கு அழகான ஒன்றைப் பார்க்கவேண்டியிருக்கிறது என்று. காட்டினார்கள். அதன்பிறகு மாதம் ஒரு படத்தைச் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். அந்த வரிசையில் முதலாவது, டிஷியனின் 'என்னைத் தொடாதே'. உயிர்த்தெழுந்த யேசு, மகதலேனா மரியாளின் நீட்டிய கைக்கு எட்டாமல் வளைந்து விலகுகிறார். செத்துப்போனவர் திரும்பி வந்து முன்னால நிற்கிறார், தொட ஏலாது. சாவு விழுந்த வீடுகள் நிறைந்த நகரத்தில் சனம் வந்து பார்த்தது அதைத்தான்.

அதால இப்ப எங்கட திட்டம் சின்னது. நுழைவு இலவசம், கட்டின காசுக்கு எல்லாத்தையும் பார்த்து முடிக்கவேணும் என்ற அந்தரம் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருக்கும். அந்த டிஷியன் அன்றைக்குச் சுவரில இருக்குதா என்று இணையத்தில பார்த்துவிட்டுப் போய், அதுக்கு முன்னால ஒரு மணித்தியாலம் நிற்கச் சொல்லியிருக்கிறோம். வான்கோவை மட்டுமாவது எட்டிப் பார்க்கிறன் என்று அவ இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்கிறா.