எல்லைக்கடை இலை

குற்றாலத்துக்கு உடம்பைப் பேணுவதற்காகப் போவது பழைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையை ஆண்ட கம்பெனி அதிகாரிகள் சாரல் மாதங்களில் இங்கே வந்து தங்கியதும் அதற்காகத்தான். ஆனால் அருவி உடம்புக்குச் செய்யும் முதற்காரியம் அகோரப் பசியைக் கிளப்பிவிடுவது. அந்தப் பசியோடு எங்கே போய் உட்காருகிறோம் என்பதில் ஒரு சரித்திரம் இருக்கிறது.

ரசிகமணி டி.கே.சி. இருந்த காலத்தில் இங்கு வந்த எழுத்தாளர்கள் பலர் அவர் வீட்டு விருந்தினர்கள். விருந்தினனுக்கு இலையில் விழுவதே உணவு. ராணி மங்கம்மாள் சாலையோரம் அமைத்த சத்திரங்களிலும் வழிப்போக்கன் நிலை அதுதான். ‘இது வேண்டும், அது வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையைக் காசு வாங்கிச் சோறு போட்ட ஹோட்டல்தான் கொண்டுவந்தது. அதுவும் எல்லோருக்கும் எளிதில் கிடைத்துவிடவில்லை. ஹோட்டல் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதுவதை எதிர்த்துத் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் இயக்கத்தார் மறியல் செய்தது 1957-இல்.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே உள்ள பிரானூரை இன்றும் ‘பார்டர்’ என்கிறார்கள். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தவரை சென்னை மாகாணத்தின் எல்லை அங்கே இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் எல்லை புளியரைக்கு அப்பால் நகர்ந்தது. பெயர் மட்டும் பரோட்டாக் கடைகளின் பலகையில் தங்கிவிட்டது. அதே 1956-இல்தான் அமெரிக்கக் கோதுமைக்கான பி.எல். 480 ஒப்பந்தம் கையெழுத்தானது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து, அங்கிருந்து அரிசி வரவு நின்றபின் திருவிதாங்கூர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அரிசியை விரும்பிய தெற்கு, பஞ்சத்தாலும் ரேஷனாலும் கோதுமைக்குப் பழகியது. தவிடும் முளையும் நீக்கிய மைதா, நாளடைவில் பஞ்சத்தின் நினைவே இல்லாமல் நம் கொண்டாட்ட உணவாகிவிட்டது.

பார்டர் பரோட்டாவின் ருசியைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. என் மனத்தாங்கல் பரிமாறும் முறையில். இட்லியை எண்ணலாம், தோசையை எண்ணலாம். சிறிய பரோட்டாக்களைப் பிய்த்து இலையில் குவித்து, கேட்பதற்கு முன்பே சால்னாவை ஊற்றிவிட்டால் எண்ணிக்கை கைவிட்டுப் போகிறது. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டின் அளவுக்கே ஒதுக்கினார். அந்த அளவைத்தான் நாம் சப்ளையரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். பிசையும்போது எண்ணெய், வீசும்போது எண்ணெய், கல்லில் சுடும்போது எண்ணெய் என்று மும்முறை எண்ணெய் கண்ட பண்டத்தின்மேல், எண்ணெய் மிதக்கும் சால்னா நாலாவதாக வருகிறது.

சட்டம் கொஞ்சம் உதவுகிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018 ஜூலை முதல் வரம்பு உண்டு. துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2022 முதல் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஆனால் உணவுப் பட்டியலில் கலோரியை எழுதச் சொல்லும் விதி, பெரிய நிறுவனங்களுக்கு மட்டும். குற்றாலத்துச் சாலையோரக் கடையில் கணக்கு நம்முடையதே.

அந்தக் கணக்கு கடினமானதல்ல. பரோட்டாவைப் பிய்க்காமல் வைக்கச் சொல்லலாம். சால்னாவைக் கிண்ணத்தில் கேட்கலாம். நுரைத்துக் கறுத்த எண்ணெயில் பொரியும் காடையை விட்டுவிட்டு, குழம்பில் வெந்த நாட்டுக்கோழியைக் கேட்கலாம். இரண்டு பரோட்டாவுக்குப் பின் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால் மூன்றாவது பெரும்பாலும் தேவைப்படாது. சப்ளையர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அருவியிலிருந்து நேரே கடைக்குள் நுழையாமல் இருப்பது இன்னும் நல்லது. கம்பெனியார் சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்த மலைச்சரிவு இது. சீசனில் சாலையோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறுகட்டி விற்கிறார்கள். ஈரத்துண்டோடு நின்று நாலைந்து பழம் தின்றால், பார்டர் போய்ச் சேருவதற்குள் பசி கொஞ்சம் நிதானத்துக்கு வந்திருக்கும்.