கட்டட இன்ஜினீயர் டூ சொத்து மதிப்பீட்டாளர்: யாரெல்லாம் மாறலாம்? தொழில் சொல்லித்தர சீனியர் கிடைப்பாரா?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். அங்கே 20 சென்ட் புஞ்சை நிலத்தின் விலை என்ன என்று கேட்டுப் பாருங்கள். புரோக்கர் ஒரு தொகை சொல்வார். பதிவுத்துறை இணையதளம் வேறொரு தொகை காட்டும். நிலத்தை அடமானமாக வைத்துக் கடன் கேட்டால், வங்கி இந்த இரண்டையுமே நம்பாது. "எங்க பேனல் வேல்யூயர் வந்து பார்ப்பார்" என்று சொல்லும்.

அந்த பேனல் வேல்யூயராக ஆவது எப்படி? கட்டுமான வேலையில் சம்பளம் நிலையில்லாமல் அல்லாடும் சிவில் இன்ஜினீயர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. ஐம்பது மணி நேரம் படித்து, ஒரு தேர்வு எழுதினால் போதும் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

யார் தகுதியானவர்?

நிறுவனங்கள் சட்டம் 2013-ன் 247-வது பிரிவு, 'பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்' என்ற பொறுப்பை உருவாக்கியது. அதற்கான விதிகள் 2017 அக்டோபரில் வந்தன. பதிவு கொடுக்கும் அதிகாரம் இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்திடம், அதாவது ஐ.பி.பி.ஐ-யிடம் இருக்கிறது. நிலமும் கட்டடமும், ஆலையும் இயந்திரமும், பங்குகளும் நிதிச் சொத்துகளும் என்று மூன்று தனித்தனிப் பிரிவுகள். ஒன்றில் பதிவு வாங்கியவர் இன்னொன்றில் கையெழுத்துப் போட முடியாது.

நிலம், கட்டடப் பிரிவுக்கு வர சிவில் இன்ஜினீயரிங், கட்டடக்கலை, நகர திட்டமிடல் ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு அந்தத் துறையில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். முதுநிலைப் படிப்பு முடித்தவர்களுக்கு 3 ஆண்டு.

பலர் ஏமாறும் இடம் இதுதான். பி.ஏ, பி.எஸ்சி முடித்துவிட்டு ரியல் எஸ்டேட்டில் பத்து வருஷம் ஓடியவராக இருந்தாலும் இந்தப் பிரிவில் பதிவு கிடைக்காது. சிவில் டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவருக்கும் இல்லை. டிப்ளமோ முடித்தவர்கள் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கையில் பி.இ படிக்கலாம். ஆனால், டிப்ளமோவோடு வேலை பார்த்த வருஷங்கள் கணக்கில் வராது, பட்டத்துக்குப் பிறகுதான் 5 ஆண்டு எண்ணப்படும். "யார் வேணாலும் வேல்யூயர் ஆகலாம்" என்று வகுப்புக்குப் பணம் கேட்பவர்களிடம், முதலில் இந்தத் தகுதி விதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வணிகவியல் பக்கம் இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. சி.ஏ, சி.எஸ், காஸ்ட் அக்கவுன்டன்ட், நிதியில் எம்.பி.ஏ முடித்தவர்கள் 3 ஆண்டு அனுபவத்தோடு நிதிச் சொத்துகள் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். நிலத்தை அளக்கும் வேலை அதில் வராது.

தேர்வு எப்படி?

ஐ.பி.பி.ஐ அங்கீகரித்த 'பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பு' ஒன்றில் உறுப்பினராகி, அங்கே 50 மணி நேரப் படிப்பை முடிக்க வேண்டும். பிறகு கணினி வழித் தேர்வு. தேர்ச்சிக்கு 60 சதவீதம் தேவை, தப்பான விடைக்கு மதிப்பெண் குறையும். கட்டுமானம் மட்டும் கேட்பார்கள் என்று நினைத்துப் போனால் சிக்கல். சொத்துரிமைச் சட்டங்கள், பொருளாதாரம், கணக்கியல், தொழில் நெறிமுறை எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கின்றன.

சரி, சீனியர் எதற்கு?

வக்கீல் தொழிலில் ஜூனியராகச் சேர ஒரு சீனியர் இருப்பார். சி.ஏ படிப்பவருக்கு ஆர்ட்டிக்கிள்ஷிப் கட்டாயம். அமெரிக்காவில் சொத்து மதிப்பீட்டாளராக விரும்புபவர், உரிமம் பெற்ற மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் வேலை பார்ப்பதுதான் வழக்கமான பாதை. அடிப்படை வீட்டு மதிப்பீட்டு உரிமத்துக்கே 1,000 மணி நேரம், எல்லா வகைச் சொத்துகளுக்குமான உரிமத்துக்கு 3,000 மணி நேரம். அப்படி ஒரு மேற்பார்வையாளர் கிடைக்காமலே பலர் அங்கே தேங்கி நிற்கிறார்கள். அதனால் 2021 முதல் இணையவழிப் பயிற்சிக்கும் ஒரு மாற்றுப் பாதை திறந்திருக்கிறது.

இந்தியாவில் அந்தக் கட்டாயம் இல்லை. விதி கேட்பது சிவில் துறை அனுபவத்தைத்தான், மதிப்பீட்டு அனுபவத்தை அல்ல. ஐந்து வருஷம் பாலம் கட்டியவர், ஒரு மதிப்பீட்டு அறிக்கைகூட எழுதிப் பார்க்காமல் பதிவு வாங்கிவிட முடியும். நம்ம ஊரில் சீனியரைத் தேடச் சொல்வது இதனால்தான்.

கீழ்பென்னாத்தூர் நிலத்துக்கே திரும்பி வருவோம். பக்கத்து நிலம் போன வருஷம் விற்றிருக்கிறது. பத்திர நகலை எடுத்தால், அதில் இருப்பது பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மிச்சமாகட்டும் என்று உண்மையான விலையை எழுதாமல் விடும் பழக்கம் ஊரறிந்தது. அந்த வழிகாட்டி மதிப்பும் சந்தையோடு சேர்ந்து நகர்வதில்லை. 2017 ஜூனில் தமிழக அரசு அதை 33 சதவீதம் குறைத்தது, 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே திரும்பக் கொண்டுவந்தது. நிலத்தின் விலை அதற்காக ஒரே நாளில் ஏறி இறங்கவில்லை. பெயரில் 'வழிகாட்டி' இருந்தாலும், வேல்யூயருக்கு வழிகாட்ட அது போதாது.

அடுத்தது ஆவணங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், புலப்படம் நான்கும் ஒத்துப்போகின்றனவா? பத்திரத்தில் சொன்ன நான்கு எல்லைகளும் நேரில் அப்படியே இருக்கின்றனவா? வண்டிப்பாதை பட்டா நிலத்தில் போகிறதா, ஏரிப் புறம்போக்கில் போகிறதா? மனையாக இருந்தால், அனுமதி பெற்ற மனைப்பிரிவா? 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அனுமதியற்ற மனைப்பிரிவு என்றால், 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் ஒழுங்குபடுத்தப்பட்டதா? ஒரு கேள்வியைத் தவறவிட்டாலும், அறிக்கையில் எழுதும் தொகைக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். புரோக்கர், பக்கத்து நிலக்காரர், பத்திர எழுத்தர் என்று நாலு பேரிடம் பேசி, யார் சொல்வதில் எவ்வளவு தள்ளுபடி பண்ணிக் கேட்பது என்பதை 50 மணி நேர வகுப்பில் சொல்லித்தர முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கடன் வாங்குபவர் "கொஞ்சம் ஏத்திப் போடுங்க சார்" என்பார். அதை எப்படி மறுப்பது என்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்டவர் வசதிக்கேற்ப மதிப்பு எழுதுவதையும், வேலை முடிந்தால் கமிஷன் என்ற மாதிரி கட்டணம் வாங்குவதையும் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. நிறுவனங்கள் சட்டத்தின் கீழான மதிப்பீட்டில் ஏமாற்றும் நோக்கம் நிரூபணமானால் ஓராண்டு வரை சிறை, 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். கடன் வாராக்கடனாகி நிலம் ஏலத்துக்கு வரும்போது, முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது பழைய மதிப்பீட்டு அறிக்கைதான்.

எங்கே தேடுவது?

பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களின் பட்டியல் ஐ.பி.பி.ஐ இணையதளத்திலேயே இருக்கிறது. அதில் திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் பக்கம் உள்ளவர்களைத் தேடலாம். நீங்கள் உறுப்பினராகும் அமைப்பு நடத்தும் தொடர் பயிற்சி வகுப்புகளில் பழைய ஆட்களும் வந்து உட்காருவார்கள், அறிமுகத்துக்கு அது நல்ல இடம். ஊர் வங்கிக் கிளையில் கேட்டால், அவர்கள் பேனலில் யார் இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

அதே ஊரில் இருப்பவர் தயங்குவது இயல்பு. தொழில் கற்றுக்கொடுத்தால் நாளைக்கு நீங்களே போட்டிக்கு நிற்பீர்கள் இல்லையா? அதனால் பக்கத்து மாவட்டத்துக்காரரை அணுகுவது பலன் தரலாம். "எனக்குக் கத்துக்கொடுங்க" என்று வெறுங்கையோடு நிற்பதைவிட, "சைட் அளந்து, பிளான் வரைந்து, அறிக்கையை டைப் பண்ணித் தர்றேன் சார், கூட கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டால் கதவு திறக்க வாய்ப்பு அதிகம். அளவு எடுப்பதும் எஸ்டிமேட் போடுவதும் சிவில்காரருக்குக் கைவந்த வேலைதானே. ஒன்று மட்டும் கவனம்: சீனியர் போகாத இடத்துக்கு நீங்கள் போய், அவர் கையெழுத்தை மட்டும் வாங்கி அறிக்கை தயாராகிற இடமாக இருந்தால், அங்கே கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

வங்கி வேலையை மட்டும் நம்பி இறங்கவும் வேண்டாம். பதிவு வாங்கியதும் பேனலில் இடம் கிடைத்துவிடாது, ஒவ்வொரு வங்கியும் தனி நிபந்தனை வைத்திருக்கிறது. 2001-க்கு முன் வாங்கிய சொத்தை விற்பவர்களுக்கு, மூலதன ஆதாய வரிக் கணக்குக்காக 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பு தேவைப்படும். பாகப்பிரிவினை வழக்குகளிலும் மதிப்பீடு கேட்பார்கள். வருமான வரித்துறை வேலைகளுக்கு அந்தத் துறையில் தனியாகப் பதிவு வாங்க வேண்டும்.

தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் ஐ.பி.பி.ஐ-யிடம் பதிவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 5,000 ரூபாய், திருப்பித் தரப்படாது.