பெயரால் எழுந்த பிணக்கு: மான்பூம் மாவட்டத்தில் வங்காளமும் இந்தியும்

சொல்லொன்றின் பொருள் யாதென்னும் வினா அகராதி தொகுப்போர்க்கும் இலக்கண ஆசிரியர்க்குமே உரியதெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், ஒரு மொழியின் பெயரோ ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரோ விவாதத்துக்கு உட்படும்போது, அவ்வினா பாடசாலையின் போதனாமொழியையும், அரசாங்க உத்தியோகத்துக்கான தகுதியையும், ஈற்றில் மாநிலத்தின் எல்லையையுமே தீர்மானிப்பதாக மாறிவிடுகின்றது. வட இந்தியாவில் வங்காள மொழி பேசுவோர்க்கும் இந்தி மொழி பேசுவோர்க்குமிடையே மான்பூம் மாவட்டத்தில் அரை நூற்றாண்டாக நிகழ்ந்த பிணக்கு இதற்குத் தக்கதொரு சான்றாகும். அப்பிணக்கில் இடம்பெற்ற சில பெயர்களின் பொருள் எவ்வாறு விரிந்தும் சுருங்கியும் வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. களம்

மான்பூம் மாவட்டம் 1833இல் ஆங்கிலேய ஆட்சியினரால் அமைக்கப்பட்டது. 1838இல் அதன் தலைமையிடம் மான்பஜாரிலிருந்து புருலியாவுக்கு மாற்றப்பட்டது. வங்காளச் சமவெளி முடிந்து சோட்டா நாக்பூர் மேட்டுநிலம் தொடங்கும் இடைநிலப் பகுதி இது. வடக்கே தன்பாத்தைச் சூழ்ந்து நிலக்கரிச் சுரங்கங்களும், தெற்கே மானாவாரி நெல்வயல்களும் காடுகளும் காணப்பட்டன. சந்தாலர், பூமிஜர் முதலிய பழங்குடியினரும், எண்ணிக்கையில் மிக்கவராய் மஹாதோ எனும் பட்டப் பெயர் தாங்கிய குர்மி உழவரும் இங்கு வாழ்ந்தனர்.

1912இல் வங்காள மாகாணத்திலிருந்து பீகாரும் ஒரிசாவும் பிரிக்கப்பட்டுத் தனி மாகாணமாக்கப்பட்டபோது, மான்பூம் சோட்டா நாக்பூர்ப் பிரிவின் ஓர் உறுப்பாகப் பீகாருடன் சேர்ந்தது. 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்ட மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வங்காளம் பேசுவோராகப் பதியப்பட்டனர். எனவே, இந்தியை எழுத்துமொழியாகக் கொண்ட மாகாணமொன்றினுள் வங்காளப் பெரும்பான்மை கொண்ட மாவட்டமொன்று அமைந்ததெனலாம். பிணக்கின் வித்து இதுவே.

2. ‘வங்காளி’ என்பதன் இரு பொருள்

பீகாரின் கற்றோரிடையே ‘வங்காளி’ என்னும் சொல் மொழியை மட்டும் சுட்டுவதாக இருக்கவில்லை. ஆங்கிலக் கல்வியில் முந்திக்கொண்ட வங்காளியர் பாட்னா, பாகல்பூர் முதலிய நகரங்களில் சட்டத்தரணிகளாகவும் மருத்துவர்களாகவும் எழுதுவினைஞராகவும் பெருமளவில் இடம்பெற்றிருந்தனர். சச்சிதானந்த சின்ஹா, மகேஷ் நாராயண் முதலியோர் பீகாரைத் தனி மாகாணமாக்க வேண்டுமென இயக்கம் நடத்தியமைக்கு இந்நிலை ஒரு முக்கிய காரணமாகும். இவர்கள் நோக்கில் ‘வங்காளி’ என்பவன் வெளியிலிருந்து வந்து உத்தியோகத்தைக் கைக்கொண்டவன். இக்குறையில் நியாயம் இல்லை என்று கூறிவிட முடியாது.

ஆனால், மான்பூமில் ‘வங்காளி’ என்பவன் பெரும்பாலும் பல தலைமுறைகளாக அம்மண்ணை உழுதுவந்த குடியானவன். உத்தியோகத்தவனைக் குறித்த சொல்லே உழவனையும் குறித்தமையால், முன்னவன் மீது எழுந்த சினம் பின்னவன் மீதும் சார்ந்தது. மறுதலையாக, மேற்கேயிருந்து வருவோரையும் அவர்தம் பேச்சையும் வங்காளியர் ‘கோட்டா’ எனச் சிறிது இழிவு தோன்றக் குறித்தனர். அதே சொல்லை மால்டா, முர்சிதாபாத் பகுதிகளில் வாழும் சிலர் தம் மொழிக்குரிய பெயராகவே கொண்டுள்ளனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஒருவர் வாயில் வசையாக ஒலிப்பது மற்றொருவர்க்குத் தாய்மொழியின் பெயராக அமைகின்றது.

3. கிரியேர்சனும் ‘பீகாரி’யும்

இந்திய மொழிகளை அளவாய்வு செய்த ஜோர்ஜ் ஏபிரகாம் கிரியேர்சன், மைதிலி, மககி, போஜ்புரி ஆகிய மூன்றையும் ஒருங்கே சுட்டுதற்குப் ‘பீகாரி’ என்னும் பெயரை வழங்கினார். அவர் இம்மொழிகளை இந்தியோடு சேர்த்திலர். வங்காளம், ஒரியா, அசாமியம் ஆகியவற்றோடு கிழக்குத் தொகுதியிற் சேர்த்தார். அதற்குரிய காரணம் வினைமுற்று வடிவங்களில் வெளிப்படுகின்றது. ‘செய்வேன்’ என்பதற்கு வங்காளத்தில் ‘கொர்போ’ என்பர். மைதிலியில் ‘கரப்’ என்பர். இரண்டினும் எதிர்காலத்தைப் பகரம் காட்டுகின்றது. இந்தியில் அதுவே ‘கரூங்கா’ எனக் ககரம் பெற்று வரும். இறந்தகாலத்தை லகரத்தாற் காட்டுவதும் கிழக்குத் தொகுதி மொழிகளுக்குப் பொதுவான இயல்பாகும்.

1903இல் வெளியான அளவாய்வின் ஐந்தாந் தொகுதியில், மான்பூம் குர்மியரின் பேச்சாகிய குர்மாலியை அவர் கீழை மககியின் ஒரு வகையாக வகுத்தார். இப்பேச்சு வங்காள வரிவடிவில் எழுதப்பட்டு வந்தது. அதே தொகுதியில், பூர்ணியா மாவட்டத்தின் கிழக்கெல்லையில் வழங்கிய சிறிபுரியா என்னும் பேச்சை வங்காளத்தின் வடக்குக் கிளைமொழியாக வகுத்தார். அதுவோ பீகாருக்குரிய கைத்தி வரிவடிவில் எழுதப்பட்டது. ஆக, ஓரிடத்தில் வங்காள எழுத்தை அணிந்த பீகாரி. மற்றோரிடத்தில் பீகார் எழுத்தை அணிந்த வங்காளம். வரிவடிவை அளவுகோலாகக் கொண்டால் ஒரு விடையும், இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டால் அதற்கு நேர்மாறான விடையும் கிடைத்தன.

இவ்வகைப்பாட்டை இரு தரப்பினரும் தத்தமக்கு ஏற்ற அளவிலேயே பயன்படுத்தினர். குர்மாலி ‘பீகாரி’ ஆதலின் அதனைப் பேசுவோர் இந்தியரே (அஃதாவது இந்தி பேசுவோரே) என்பது பீகார்த் தரப்பின் வாதம். ஆனால், ‘பீகாரி’ இந்தியன்று எனக் கிரியேர்சன் கொண்டதை அவர்கள் பொருட்படுத்திலர். குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளில் பீகார்ப் பேச்சுகள் இந்தி அல்லது இந்துஸ்தானி என்னும் தலைப்பினுள் அடக்கப்பட்டு வந்தமை அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. வங்காளத் தரப்பினரோ, பீகார்ப் பேச்சு வங்காளத்துக்கு நெருங்கிய உறவுடையது என்பதை வலியுறுத்தினர்; குர்மாலியை வங்காளத்தினின்றும் வேறாக அவர் பிரித்ததைப் பேசாது விடுத்தனர்.

4. ‘பீகாரி’ யார்? 1938-1939

1937இல் பீகாரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவியேற்ற பின்னர், ‘பீகாரி’ என்னும் சொல் மொழியியலிலிருந்து உத்தியோகத்துறைக்குப் பெயர்ந்தது. மாகாண அரசாங்கத்தில் பணிபெற விரும்பும் வங்காளியர், தாம் அங்கு நிலையாகக் குடியேறியவர் என்பதற்குச் சான்றிதழ் பெறவேண்டியிருந்தது. பாட்னாவின் புகழ்பெற்ற சட்டத்தரணி பி. ஆர். தாஸ் தலைமையில் வங்காளியர் சங்கம் இதனை எதிர்த்தது. காங்கிரஸ் செயற்குழு இராஜேந்திர பிரசாத்திடம் இவ்விடயத்தை ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தது.

1939 ஜனவரியில் பர்தோலியிற் கூடிய செயற்குழு, ‘பீகாரி’ என்னும் பெயர் அம்மாகாணத்திற் பிறந்தோ நிலைத்தோ வாழும் வங்காள மொழியினரையும் உள்ளடக்கும் எனத் தீர்மானித்தது. தொடர்ந்து பத்தாண்டு வதிதல் குடியுரிமைக்குப் போதிய சான்றெனவும், குடியிருப்புச் சான்றிதழ் முறை கைவிடப்பட வேண்டுமெனவும், வங்காளம் வழங்கும் பகுதிகளில் ஆரம்பக் கல்வி வங்காளத்தில் நடைபெற வேண்டுமெனவும் அது கூறிற்று.

இத்தீர்மானம் ஒரு சொல்லின் பொருளை மொழியினின்றும் பிரித்து வாழிடத்தோடு இணைக்க முயன்றது. பீகாரியாகவும் வங்காள மொழியினராகவும் ஒருவர் ஒருங்கே விளங்கலாம் என்பதே அதன் உட்கிடை. இவ்விளக்கம் நிலைபெற்றிருப்பின் பின்னைய கசப்புப் பெரிதும் தவிர்க்கப்பட்டிருக்கும் எனக் கருத இடமுண்டு.

5. சத்தியாக்கிரகமும் எல்லை மாற்றமும்

அது நிலைபெறவில்லை. 1947இன் பின்னர் மான்பூமின் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் இந்தியைப் புகுத்தும் நடவடிக்கைகள் வலுப்பெற்றன. மாவட்டக் காங்கிரசின் மூத்த தலைவர்களுள் ஒருவரான அதுல் சந்திர கோஷும் அவர்தம் தோழரும் கட்சியை விட்டு விலகி, 1948 ஜூனில் லோக் சேவக் சங்கத்தை நிறுவினர். 1951ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தி பேசுவோரின் பங்கு பெரிதும் உயர்ந்து காணப்பட்டது. சுரங்கத் தொழிலாளரின் குடிவரவே காரணம் என்றனர் ஒரு சாரார். மொழிப் பெயரை மாற்றிப் பதிந்தமையே காரணம் என்றனர் மறுசாரார்.

1954இன் தொடக்கத்தில் டுசு சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. டுசு என்பது தை பிறக்கும் தறுவாயில் அறுவடையை ஒட்டிக் கொண்டாடப்படும் ஊர்ப்புற விழா. அவ்விழாப் பாடல்களின் மெட்டிலே மொழியுரிமைப் பாடல்கள் இயற்றப்பட்டு ஊரூராகப் பாடப்பட்டன. பாடியோர் பலர் பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ்ச் சிறை சென்றனர். இவற்றுள் பரவலாக அறியப்பட்ட பாடலொன்று பீகார்ச் சகோதரனை விளித்துப் பாடுவதாகும். அதனை இயற்றிய பஜஹரி மஹாதோ, 1952இல் அச்சங்கத்தின் சார்பில் மக்களவைக்குத் தெரிவானவர். வங்காளத்தைக் காக்க எழுந்த இப்பாடல்கள் கல்கத்தாவின் செந்நடையில் அமையவில்லை. மான்பூமின் பேச்சு நடையிலேயே அமைந்தன.

1953 டிசெம்பரில் நியமிக்கப்பட்ட மாநிலச் சீரமைப்பு ஆணைக்குழு, 1955 செப்டெம்பரில் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. சாஸ் பகுதி நீங்கலாகப் புருலியாவை மேற்கு வங்கத்துடன் சேர்க்குமாறு அது விதந்துரைத்தது. மொழியோடு, மேற்கு வங்கத்துக்கு நீர் வழங்கும் கங்சாபதி ஆறு புருலியாவில் உற்பத்தியாதலும் காரணமாகக் காட்டப்பட்டது. இதனிடையே 1956 ஜனவரியில் இரு மாநில முதலமைச்சர்களும் இரு மாநிலங்களையுமே ஒன்றாக இணைக்கும் திட்டத்தை வெளியிட்டனர். அதனை எதிர்த்து ஏப்ரில் 20ஆம் நாள் பாக்பிர்ரா ஊரிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் கால்நடையாகப் புறப்பட்டு, மே 6ஆம் நாள் கல்கத்தாவை அடைந்தனர். இணைப்புத் திட்டம் அம்மாதத்திற் கைவிடப்பட்டது.

1956 நவெம்பர் 1ஆம் நாள் புருலியா மேற்கு வங்கத்தின் மாவட்டமாயிற்று. தன்பாத், சாஸ் என்பனவும், ஜம்சேத்பூரை அண்மிய சாண்டில், பட்டம்டா என்பனவும் பீகாரிலேயே எஞ்சின. மான்பூம் என்னும் மாவட்டம் மறைந்தது. அதே நாளில் பூர்ணியாவின் கிழக்குப் பகுதியொன்றும் மேற்கு வங்கத்தைச் சேர்ந்தது. அங்கு வாழ்ந்த முஸ்லிம்கள் பலர் உருதுவைத் தம் எழுத்துமொழியாகக் கொண்டமையால், உருதுவுக்குத் தனிக் கவனம் வேண்டுமென ஆணைக்குழு கூற நேர்ந்தது. இலக்கண அடிப்படையில் வங்காளியராக வகுக்கப்பட்டோர் தம்மை அவ்வாறு எண்ணவில்லை என்பது இதனாற் புலனாகும்.

6. வினவப்படாத பெயர்

இப்பிணக்கு முழுவதிலும் கேட்கப்பட்ட வினா ஒன்றே: மான்பூமின் பேச்சு வங்காளமா, இந்தியா? குர்மாலி குர்மாலியே என்னும் விடைக்கு அவ்வினாவில் இடமிருக்கவில்லை. எல்லை வரையப்பட்டதும் புருலியாவின் குர்மாலி வங்காளத்தின் கிளையாகவும், எல்லைக்கு அப்பாலுள்ள குர்மாலி இந்தியின் கிளையாகவும் கணிக்கப்பட்டன. ஒரே பேச்சு ஒரு கோட்டினால் இரு பெயர் பெற்றது.

காலப்போக்கில் அவ்விடை தானே வெளிப்பட்டது. பீகாரிலிருந்து 2000இல் பிரிந்த ஜார்கண்ட் மாநிலம் குர்மாலியைத் தன் இரண்டாம் நிலை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. 2018இல் மேற்கு வங்கமும் அதற்கு ஆட்சிமொழித் தகுதி வழங்கியது. கிரியேர்சன் ‘பீகாரி’யின் ஓர் உறுப்பாகக் கொண்ட மைதிலி, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது.

இதனால், மான்பூம் போராட்டம் பொருளற்றது எனக் கொள்ளுதல் தவறாகும். தாய்மொழியிற் கற்கும் உரிமை பறிக்கப்படுவதை எதிர்த்த மக்களின் துன்பம் மெய்யானது. அவர்தம் அறவழி போற்றற்குரியது. ஆயின், வரலாற்று மாணவர் ஒன்றனை மனங்கொள்ள வேண்டும். குடிசன மதிப்பீட்டு அட்டவணையிற் காணப்படும் மொழிப்பெயர், மக்கள் பேசுவதை உள்ளவாறே காட்டும் பதிவு அன்று. எத்தகைய பேச்சை எப்பெயரின்கீழ் அடக்குவது என முன்னரே செய்யப்பட்ட ஒரு முடிபின் விளைவு அது. ‘வங்காளி’, ‘பீகாரி’, ‘இந்தி’ என்னும் பெயர்கள் 1903இலும் 1939இலும் 1951இலும் ஒரே பொருளைத் தந்தில. அவ்வெண்களை ஆதாரமாகக் கொள்ளுமுன், அவ்வவ் ஆண்டில் அச்சொல் யாரை உள்ளடக்கிற்று, யாரை விலக்கிற்று என வினவுதல் ஆய்வாளரின் முதற் கடமையாகும்.