விமானிகளுக்காகப் பிறந்த மீட்புப் படகு: செலித்தார் முதல் மலாக்கா நீரிணை வரை

மலாக்கா: ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடந்து போகும் நீர்வழி மலாக்கா நீரிணை. அதன் கரையோரத்தில்தான் கோலா லிங்கி, பெங்காலான் பாலாக், தஞ்சோங் கிளிங், உம்பாய், மெர்லிமாவ் ஆகிய ஊர்கள் இருக்கின்றன. விடுமுறை நாளில் தோட்டத்து இளைஞர்கள் தூண்டில் போடப் படகேறுவதும், குடும்பங்கள் பூலாவ் பெசாருக்குச் செல்வதும் இங்கே வழக்கம். இந்தக் கடலில் ஒருவர் விழுந்துவிட்டால் தேடிச் செல்வதற்கென்றே படகும் ஆட்களும் இன்று ஆயத்தமாக இருக்கிறார்கள். ஆனால், கடலில் உயிர்காப்பது ஒரு தனி வேலை, அதற்குத் தனிப் படகு வேண்டும் என்பதைப் பெரிய விமானப் படைகளே பல உயிர்களை இழந்த பிறகுதான் ஏற்றுக்கொண்டன. பிரிட்டிஷ் அரச விமானப் படையின் கடற்பிரிவு அதற்குச் சான்று.

விமானப் படைக்கு எதற்குப் படகு?

பிரிட்டிஷ் அரச விமானப் படை 1918 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கப்பட்டது. அதே மாதத்தில் அதன் கடற்பிரிவும் உருவானது. அன்று கடலிலேயே இறங்கி, கடலிலிருந்தே பறக்கும் நீர்விமானங்கள் அதிகம். அவற்றுக்கு எரிபொருள் கொண்டு போக, ஆட்களை ஏற்றி இறக்க, நங்கூர மிதவையில் கட்டப் படகுகள் தேவைப்பட்டன. கடற்படையிடமிருந்து வந்த பழைய, மெதுவான படகுகளே இந்தப் பிரிவுக்குக் கிடைத்தன. விபத்து நேர்ந்தால் மீட்கப் போவதும் அதே படகுகள்தான்.

1931 பிப்ரவரி 4-ஆம் தேதி இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் ஒரு நீர்விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 12 பேரில் 9 பேர் இறந்தனர். அந்த விபத்தைக் கரையிலிருந்து பார்த்தவர்களில் ஒருவர் டி. இ. லாரன்ஸ். முதல் உலகப் போரில் அரபு நாட்டில் புகழ்பெற்ற அவர், அப்போது ஷா என்ற பெயரில் விமானப் படையில் சாதாரணப் பணியாளராக இருந்தார். வேகமான படகு இல்லாமல் மீட்பு இல்லை என்று மேலதிகாரிகளிடம் அவர் வற்புறுத்தினார். படகுக் கட்டுமான நிபுணர் ஹியூபர்ட் ஸ்காட்-பெய்னுடன் சேர்ந்து புதிய வகைப் படகுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையிலும் இறங்கினார். 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறக்கும் ஆண்டு வரை அவர் அந்த வேலையில் இருந்தார்.

மணிக்கணக்கு நிமிடக்கணக்கானது

அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1936, 1937-ஆம் ஆண்டுகளில் அதிவேக மீட்புப் படகுகள் வந்தன. மரத்தால் கட்டப்பட்ட 64 அடி நீளப் படகு. தலா 500 குதிரைத்திறன் கொண்ட மூன்று இயந்திரங்கள். மணிக்கு ஏறக்குறைய 35 கடல் மைல் வேகம். காயம்பட்டவர்களைக் கிடத்த அதிலேயே ஒரு சிகிச்சை அறையும் இருந்தது.

இந்த வேகத்தின் அருமை ஒரு சிறு கணக்கில் விளங்கும். கரையிலிருந்து 20 கடல் மைல் தூரத்தில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். 10 கடல் மைல் வேகப் படகு அவரிடம் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும். 35 கடல் மைல் வேகப் படகுக்கு 35 நிமிடம் போதும். ஐரோப்பியக் கடலில் குளிர்காலத்தில் அந்த வித்தியாசமே ஒருவரின் உயிர்.

ஆனாலும் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது இத்தகைய படகுகள் மிகக் குறைவாகவே இருந்தன. 1940 கோடையில் இங்கிலாந்துக் கால்வாயின் மேல் நடந்த வான்போரில், விமானத்திலிருந்து உயிரோடு குதித்தவர்கள் கடலில் இறந்தார்கள். எதிரியான ஜெர்மனியோ மீட்பு விமானங்கள், காற்று நிரப்பிய மிதவைகள், நீரில் நிறம் பரப்பும் சாயம் என முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தது.

1941 தொடக்கத்தில் பிரிட்டன் வான்-கடல் மீட்புக்கென்று ஒரு தனி இயக்குநரகத்தை அமைத்தது. விமானம் மேலே வட்டமிட்டு இடத்தைக் காட்டும். படகு விரைந்து போய்த் தூக்கும். மருத்துவ உதவியாளர் படகிலேயே சிகிச்சையைத் தொடங்குவார். "கடல் அவர்களைக் கொண்டுபோக விடமாட்டோம்" என்ற பொருள்படும் வாசகமே அந்த மீட்புப் பணியின் முழக்கமானது. 102 என்ற எண்ணுடைய ஒரு படகு மட்டும் 1941-இல் இரண்டு மாதங்களில் 38 விமானப் பணியாளர்களை மீட்டது. போர் முடிவதற்குள் இந்த மீட்புச் சேவை காப்பாற்றியவர்கள் 13,000-க்கும் மேல். மீட்கப்பட்டவர்களில் எதிரி நாட்டு விமானிகளும் உண்டு.

மலாயாக் கடலில்

நம் பக்கத்தில் இந்தப் பிரிவின் முக்கியத் தளம் சிங்கப்பூரின் செலித்தார். 1928-இல் நீர்விமானங்கள் அங்கு வந்து சேர்ந்தன. ஜப்பானியப் படையெடுப்புக்கு முன்தினம், 1941 டிசம்பர் 7 அன்று, ஜப்பானியக் கப்பல்களைத் தேடிச் சயாம் வளைகுடாவுக்குப் போன கட்டலினா நீர்விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த எட்டுப் பேரும் திரும்பவில்லை.

மூன்று நாள் கழித்து, டிசம்பர் 10-ஆம் தேதி, குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரு பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. 840 பேர் மாண்டனர். ஆனால், உடன் வந்த நாசகாரிக் கப்பல்கள் பக்கத்திலேயே இருந்ததால் 2,000-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். உதவி எவ்வளவு அருகில் இருந்தது என்பதே அங்கும் பலரின் வாழ்வைத் தீர்மானித்தது.

போர்க்காலத்தில் தமிழகமும் இலங்கையும் நீர்விமானங்களுக்கு இடம் கொடுத்தன. சென்னைக்கு அருகில் உள்ள செங்குன்றம் ஏரியில் கட்டலினா விமானங்கள் நிறுத்தப்பட்டன. இலங்கையின் கொக்கலையிலிருந்து புறப்பட்ட ஒரு கட்டலினாதான் 1942 ஏப்ரல் 4 அன்று கொழும்பை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு எச்சரித்தது. அந்த விமானமும் வீழ்த்தப்பட்டது. உயிர் பிழைத்த ஆறு பேரைக் கடலிலிருந்து தூக்கியது ஜப்பானியக் கப்பல், அவர்கள் போர்க்கைதிகளானார்கள்.

போருக்குப் பின் செலித்தாரிலும் பினாங்கு குளுகோரிலும் விமானப் படையின் படகுகள் மீண்டும் இயங்கின. 1959 மே 15 அன்று பிரிட்டிஷ் விமானப் படையின் கடைசி நீர்விமானம் செலித்தாரிலிருந்து தன் இறுதிப் பயணத்தை முடித்தது. பின்னர் பிரிட்டன் செலித்தாரைக் காலி செய்தது. அதற்குள் ஹெலிகாப்டர் வந்துவிட்டது. கடலில் விழுந்தவரை மேலிருந்தே தூக்கும் வசதி பெருகியதும் விமானப் படைக்குத் தனிப் படகுகள் தேவையில்லை என்று முடிவானது. 1986-இல் கடற்பிரிவு கலைக்கப்பட்டது. 102-ஆம் எண் படகு பழுதுபார்க்கப்பட்டு, 1996-இல் மீண்டும் நீரில் இறக்கப்பட்டது.

இன்று அந்த வேலை யாருடையது?

மலேசியாவில் கடல் மீட்பு இன்று மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்தின் பொறுப்பு. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்த நிறுவனம், 2005 நவம்பர் 30-ஆம் தேதி பணியைத் தொடங்கியது. தேடுதலும் மீட்பும் அச்சட்டம் அதற்கு வகுத்த கடமைகளில் ஒன்று. போர் அல்லது அவசரகாலத்தில் அது மலேசிய ஆயுதப் படையின் கட்டளையின் கீழ் வரலாம். மலாக்காவையும் நெகிரி செம்பிலானையும் சேர்த்து ஒரு மாநிலப் பிரிவு கவனிக்கிறது.

ஹெலிகாப்டர் வந்த பிறகும் படகு போய்விடவில்லை. பலர் ஒரே நேரத்தில் நீரில் விழுந்தால், இரவு நெடுகத் தேட வேண்டியிருந்தால், படகுதான் கைகொடுக்கும். நம் கடல் நீர் குளிர்ந்தது அல்ல என்பதால் விழுந்தவர் அதிக நேரம் தாக்குப் பிடிக்கலாம். ஆனால் நீரோட்டம் அவரை இழுத்துச் சென்றுகொண்டே இருக்கும். நேரம் போகப் போகத் தேட வேண்டிய பரப்பு விரியும்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் திடீர்க் காற்றும் மழையும் வந்து தாக்குவது இந்த நீரிணையின் இயல்பு. தூண்டில் போடப் போகிறவர்கள் பெரும்பாலும் புறப்படும் நேரமும் அதுதான். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது. உயிர்காப்பு அங்கியைப் படகின் மூலையில் வைக்காமல் உடலில் அணிய வேண்டும். சொன்ன நேரத்தில் ஆள் திரும்பவில்லையென்றால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.

எவ்வளவு வேகமான படகாக இருந்தாலும், யாராவது தகவல் சொன்ன பிறகுதான் அது கரையை விட்டுப் புறப்படும்.