இரும்பு விசையிலிருந்து கண்ணாடித் திரைக்கு

டைப் இன்ஸ்டிட்யூட் என்றால் நம் கல்லூரியின் மூத்த மாணவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்குத்தான் சொல்லணும். லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு உண்டு. பாஸ் பண்ணினால் ஆபீஸ் வேலைக்கு ஒரு வழி பிறக்கும். நம் திருத்தணி, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசுவோம். ஆனால் ஒரே மெஷினில் இரண்டையும் அடிக்க முடியாது. எழுத்து இரும்பில் வார்த்தது, அதுக்கு மேல் அசையாது.

அந்த இரும்பில் தமிழை அடக்கியதே பெரிய காரியம். எழுத்துகளோ 247, விசைகளோ நாற்பத்துச் சொச்சம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூர் போன ஆர். முத்தையா இதற்காகப் பல வருஷம் மெனக்கெட்டார். அவர் கையாண்ட வழி நகரா விசை. புள்ளியை அடித்தால் வண்டி நகராது. அடுத்து மெய்யை அடித்தால் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். எழுதும்போது கடைசியில் வைக்கிற புள்ளியை மெஷினில் முதலில் அடிக்க வேண்டும்! என்ன மூளை பாருங்கள்.

கம்ப்யூட்டர் வந்ததும் ஆளாளுக்கு ஒரு விசைப்பலகை. இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட 1999-இல் தமிழ்நாடு அரசு 'தமிழ்99' முறையை அறிவித்தது. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். 'தணிகை' என்று அடிக்க த, ண, இ, க, ஐ என ஐந்தே தட்டு. ஆங்கில எழுத்தில் அடித்தால் எட்டு. 'அக்கா'வுக்குப் புள்ளியே வைக்க வேண்டாம்; க-வை இரண்டு முறை தட்டினால் அதுவே வைத்துக்கொள்ளும். இவ்வளவு இருந்தும் பரவவில்லை. கடையில் வாங்கின விசைப்பலகையில் ஆங்கில எழுத்து மட்டும்தானே அச்சடித்திருந்தது?

அப்புறம் கைப்பேசி. பொத்தான் போனில் ஒரு எழுத்துக்கு மூன்று நான்கு அமுக்கு. 2007-இல் ஐபோன் வந்து பொத்தான்களையே எடுத்துவிட்டது. அச்சடித்த எழுத்து என்ற தடை அதோடு தீர்ந்தது. தமிழ், தெலுங்கு, எது வேண்டுமோ அதைத் திரையே வரைந்து காட்டும். எல்லை ஊர்க்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நம்மில் பலரும் இன்னும் 'அம்மா'வை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறோம். இரும்பு போனது, பழக்கம் போகலை. போன் செட்டிங்ஸில் தமிழ்99 இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் உண்டு, செல்லினத்திலும் உண்டு.

கண்ணாடியிலும் ஒரு குறை. விசைப்பலகையில் ஆங்கில எஃப், ஜே விசைகளின் மேல் சின்ன மேடு இருக்கும். தமிழ்99-இல் அவை புள்ளியும் ப-வும். ஆள்காட்டி விரல்களை அங்கே வைத்தால் போதும், கண் காகிதத்திலேயே இருக்கும். லோயர் பாஸ் பண்ணின அக்காக்கள் பேசிக்கொண்டே அடிப்பார்கள். திரையில் அந்த மேடு இல்லை.